கசியாத பானை குளிராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார்: "மண்பானையில் ஊற்றிய தண்ணீர் மட்டும் ஏன் ஜில்லென்று இருக்கிறது?" அருமையான கேள்வி. பதில்தான் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. மண் இயல்பிலேயே குளிர்ச்சியான பொருள் என்பது முதல் வரி. பானை கசிந்து தரை ஈரமானால் வெளிப்புறம் ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்பது இரண்டாவது வரி. முதல் வரி தப்பு என்றாலும் அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டாவது வரியை நம்பி யாராவது பிரஷ்ஷை எடுத்திருந்தால் அவர் வீட்டுப் பானை இந்நேரம் வெறும் பாத்திரமாகியிருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண் குளிர்ச்சியான பொருள் இல்லை. காலிப் பானையை ஒரு நாள் முழுக்க அறையில் வைத்துவிட்டு உள்ளே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அறையில் என்ன வெப்பமோ அதையேதான் காட்டும். ஓட்டு வீட்டுக் கூரையும் சுட்ட மண்தான். சித்திரை மாத மதியத்தில் அதன்மேல் கை வைக்க முடியுமா? குளிர வைப்பது மண் அல்ல, மண்ணின் வழியாக வெளியே வந்து காற்றோடு போகும் தண்ணீர்.

நாட்டுச் சூளையில் வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் ஏறும். அந்தச் சூட்டில் களிமண் இறுகுமே தவிர உருகாது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே முடியைவிட மெல்லிய இடைவெளிகள் அப்படியே மிஞ்சும். மண் பிசையும்போது சேர்த்த சலித்த மணல் இந்த இடைவெளியைக் கூட்டும். உமி மாதிரி எரியக்கூடியது எதையாவது கலந்திருந்தால் அது சூளையில் எரிந்துபோய், இருந்த இடம் துளையாக நிற்கும். பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேல் சூடு கொடுக்கிறார்கள். அங்கே மண்ணின் ஒரு பகுதி கண்ணாடிபோல உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது. ஊறுகாய் ஜாடியின் மேல் பளபளவென்று ஒரு பூச்சும் இருக்கும். ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் குளிராததற்கு இதுதான் காரணம். ஜாடியும் மண்தான், ஆனால் அதற்கு வியர்க்காது.

பானையின் உட்சுவரில் பட்ட தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்த நுண்துளைகளில் ஏறி வெளிப்புறத்துக்கு வருகிறது. வந்த இடத்தில் காற்றுப் பட்டு ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். 30 டிகிரி வாக்கில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும்; பாடப்புத்தகத்தில் வரும் 540 என்பது 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்கான கணக்கு. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி பானைச் சுவரிலிருந்தும், சுவர் வழியாக உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கலோரியை எடுத்தால் போதும். ஆக, ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் பானையில் மிஞ்சிய நூறு கிராமை ஆறு டிகிரி அளவுக்குக் குளிர்வித்துவிட்டுப் போகிறது.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போடலாம். 10 லிட்டர் தண்ணீரை 8 டிகிரி குளிர்விக்க 80,000 கலோரியை வெளியேற்ற வேண்டும். அதை 580-ஆல் வகுத்தால் 140 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு காபி டம்ளர் தண்ணீர்தான். அத்தோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. பானை குளிர்ந்ததும் சுற்றியிருக்கும் சூடான காற்றும் சுவர்களும் அதற்கு விடாமல் வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 10 லிட்டர் பானையின் வெளிப்பரப்பு கிட்டத்தட்ட கால் சதுர மீட்டர். அறையைவிட 8 டிகிரி குளிர்ந்து நிற்கும் பானைக்குள் ஏறக்குறைய 18 வாட் வெப்பம் ஓயாமல் நுழையும், இரண்டு எல்.இ.டி. பல்பு எரிவதற்குச் சமம். அதைச் சமாளிக்க நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் ஆவியாகியாக வேண்டும். காலையில் ததும்ப நிரப்பிய பானை யாரும் தொடாமலே சாயங்காலம் இரண்டு விரற்கடை இறங்கியிருப்பது இதனால்தான். தண்ணீர் வீணாகிறது என்று கவலைப்பட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் எப்படியோ பானைக்கு அந்த அரை லிட்டர் அப்படி.

இங்கே பிள்ளைகள் எல்லாரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறமும் வியர்க்கிறது, மண்பானையின் வெளிப்புறமும் வியர்க்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். நேர் எதிர். எவர்சில்வரில் துளை இல்லை. அதன்மேல் நிற்கும் துளிகள் அறைக் காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து படிந்தவை. நீராவி தண்ணீராக மாறும்போது அந்த 580 கலோரியை டம்ளருக்கே கொடுத்துவிடும். அதாவது டம்ளர் வியர்க்க வியர்க்க ஐஸ் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். பானையில் துளி உள்ளிருந்து வருகிறது, வெப்பத்தை வெளியே எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய ஒரு வழி: இரண்டிலும் தண்ணீரோடு ஒரு சிட்டிகை உணவுச் சாயம் கலந்து வைத்துவிட்டு, வெளிப்புறத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். டம்ளரில் ஒற்றிய துணி வெள்ளையாகவே இருக்கும். பானையில் ஒற்றியதில் சில மணி நேரத்தில் சாயம் லேசாகத் தெரியலாம். இந்தச் சோதனைக்கு வாய் உடைந்த கலயம் ஏதாவது எடுங்கள். நல்ல பானையில் செய்தால் சாயம் போகாது.

சரி, பானை எவ்வளவு தூரம் குளிரும்? மாணவி கேட்காமல் விட்ட கேள்வி இது. பதிலிலாவது வந்திருக்க வேண்டும். தெர்மாமீட்டரின் குமிழை ஈரத் துணியால் சுற்றி விசிறினால் எந்த எண்ணில் வந்து நிற்குமோ அதுதான் எல்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். எவ்வளவு நல்ல பானையானாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. வீட்டில் சாதாரணமாக வைத்திருக்கும் பானை இதைவிட இரண்டு மூன்று டிகிரி மேலேயே நின்றுவிடும்.

அந்த எல்லையைத் தீர்மானிப்பது காற்றின் ஈரப்பதம். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் சுமார் 22 டிகிரி. பானைத் தண்ணீர் 25-க்கு வந்தாலும் வெளியே இருப்பதைவிட 15 டிகிரி குறைவு. தொண்டையில் இறங்கும்போது ஐஸ் போட்ட மாதிரி இருக்கும். அதே நாள் சென்னையில் கடற்காற்று உள்ளே வந்த பிறகு 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரக்குமிழே 30 டிகிரி. பானை தலைகீழாக நின்றாலும் 32, 33-க்குக் கீழே இறங்காது. "ஊரில் அம்மா வீட்டுப் பானை என்னமாய்க் குளிரும், இங்கே அதே பானையைக் கொண்டுவந்தும் சரியாக இல்லை" என்று மயிலாப்பூரிலும் தூத்துக்குடியிலும் சொல்பவர்கள் பானையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் புழுக்கமாக இருக்கும் நாளில் பானைக்கும் புழுக்கம். நம் வியர்வை காயாத நாளில் அதன் வியர்வையும் காயாது.

விடியற்காலையில் பானையைத் தொட்டுப் பார்த்து "குளிரவே இல்லையே" என்று முடிவு கட்டுவதும் இந்தக் கணக்கை மறப்பதால்தான். அந்நேரம் காற்று 27, 28 டிகிரிக்கு இறங்கி, ஈரப்பதம் 80, 90 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். பானைக்கும் பக்கத்தில் இருக்கும் பித்தளைக் குடத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், அப்போதுதான் பானையின் திறமை தெரியும்.

உங்கள் வீட்டின் எல்லை எது என்று தெரிந்துகொள்ள ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவுகோல் 35 டிகிரியில்தான் ஆரம்பிக்கும், டிஜிட்டல் வகை 'லோ' என்று காட்டிவிட்டு நிற்கும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சிவப்புத் திரவ தெர்மாமீட்டரோ, சமையலறையில் பயன்படும் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரோ வேண்டும். முதலில் நிழலில் அறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியில் ஒரு சிறு துண்டு கிழித்து, குமிழின்மேல் ஒரே ஒரு சுற்றாகச் சுற்றி, அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரால் நனைத்து, மின்விசிறிக்கு நேரே ஐந்து நிமிடம் பிடியுங்கள். எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். துணி தடிமனாக இருந்தால் நேரம் ஆகும். நடுவில் காய்ந்துவிட்டால் எண் திரும்ப ஏறும், மறுபடி நனைக்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 10 டிகிரி வந்தால் பானை வாங்கலாம். 3 டிகிரிதான் என்றால் வாசனைக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

வாசனை என்றதும் ஒரு சின்ன விலகல். புதுப் பானைத் தண்ணீரில் வரும் மண்வாசனைக்கும் முதல் மழை வாசனைக்கும் உறவு உண்டு. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-இல் 'நேச்சர்' இதழில் அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். காய்ந்த மண்ணும் பாறையும் காற்றிலிருந்து எண்ணெய்ப் பொருள்களைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஈரம் பட்டதும் விடுகின்றன என்பது அவர்கள் கண்டது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் சுட்ட மண் வில்லைகளைக் கொதிகலத்தில் போட்டு இதே வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கிவருகிறார்கள். பானைக் கடைக்காரர் இதை இலவசமாகவே கொடுக்கிறார்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கூழாங்கல்லால் தேய்த்து வந்த மினுமினுப்பு சரிதான், வார்னிஷில் வந்தது ஆகாது. இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் விரலைத் தண்ணீரில் நனைத்து வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வையுங்கள். சில வினாடிகளில் சொட்டு உறிஞ்சப்பட்டு நிறம் கருத்தால் பானை உயிரோடு இருக்கிறது. முத்துமாதிரி உருண்டு நின்றால் கீழே வைத்துவிடுங்கள். பூ, கோலம், சாமி படம் வரைந்த பானைகளில் வர்ணம் பாதிப் பரப்பை மூடியிருந்தால் குளிர்ச்சியும் அந்த அளவுக்குப் போய்விடும். அடுத்தது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது. 'ணங்' என்று வந்தால் நன்றாக வெந்த பானை. 'டொக்' என்றால் எங்கோ மயிரிழை விரிசல், அல்லது பாதி வேக்காடு. பாதி வெந்தது தண்ணீர் பட்டால் நாளடைவில் கரையும், அடியில் சேறு தங்கும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடமும் அந்த ஊர்ச் சரக்குதான். கடம் வாங்குகிறவர் நாதத்துக்காகத் தட்டுகிறார், பானை வாங்குகிறவர் விரிசலுக்காகத் தட்டுகிறார்.

குழாய் வைத்த பானையில் ஒரு தொல்லை. பச்சை மண்ணிலேயே ஓட்டை போட்டுச் சுட்டிருந்தால் ஓட்டையின் விளிம்பு வழவழவென்று இருக்கும். சுட்ட பிறகு துளையிட்டிருந்தால் விளிம்பு பொரிந்திருக்கும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பானைச் சுவர் வளைவு, குழாயின் வாஷர் தட்டை. இரண்டும் பொருந்தாமல்தான் ஒழுகுகிறது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று தடித்த ரப்பர் வாஷர் போட்டு, கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருகினால் போதும். ஸ்பேனர் போட்டால் பானை போய்விடும்.

வீட்டுக்கு வந்த புதுப் பானையை ஒரு வாளியில் ஒரு நாள் முழுக்க மூழ்கவிடுங்கள். சுவரிலிருந்து காற்றுக்குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். அது நிற்கும்வரை துளைகளில் காற்று இருக்கிறது என்று பொருள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று முறை நிரப்பிக் கொட்டிவிட்டு அப்புறம் குடிக்கலாம். சோப்பு, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் கூடாது. துளைக்குள் போன சோப்பு வாரக்கணக்கில் தண்ணீரில் திரும்பி வரும்.

இப்போது கசிவுக்கு வருகிறேன். பானையின் அடி முழுக்கச் சீராக ஈரமாக இருந்தால் அது கசிவல்ல, வேலை. ஒரே இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் விரிசல். காகிதத்தை அடியில் விரித்து ராத்திரி முழுக்க வைத்தால் தெரிந்துவிடும்: வட்டமாக நனைந்திருக்கிறதா, ஒரு புள்ளியிலிருந்து ஓடியிருக்கிறதா என்று. தரை ஈரமாவது தொந்தரவு என்றால் அகலமான மண் தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி அதன்மேல் பானையை வைக்கலாம். கசிந்த நீர் மணலை நனைக்கும், ஈர மணலிலிருந்தும் ஆவியாகும், தரையின் சூடும் பானைக்கு ஏறாது. பிரிமணையோ மூன்று கால் முக்காலியோ இன்னும் நல்லது. அடிப்பக்கத்திலும் காற்றுப் போகும்.

நன்றாகக் குளிர்ந்த பானை ஒரு வருஷத்தில் மந்தமாகிப் போவது ஏன்? பெரும்பாலோர் பானை பழசாகிவிட்டது என்கிறார்கள். வயசு காரணமல்ல, உப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்தவை எல்லாம் வெளிச்சுவரிலேயே தங்கிவிடும். ஆழ்குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்றால், ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஆவியாகும் பானையில் அரை கிராம் உப்பு சேரும். மாதம் 15 கிராம். பங்குனியில் தொடங்கி வைகாசி முடிய மூன்று மாதத்தில் 45 கிராம், ஒரு கைப்பிடி. அது அத்தனையும் முடியைவிட மெல்லிய துளைகளுக்குள் போய் உட்கார்ந்தால் தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்? குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை விடுகிறது. அந்த 2,000-இல் பானை ஒரு கோடையைத் தாண்டுவதே பாடு.

உப்பு எங்கே தொடங்குகிறது என்று கூர்ந்து பார்த்தால் தெரியும். ஈரமான பரப்பும் காய்ந்த பரப்பும் சந்திக்கும் கோட்டில், பெரும்பாலும் கழுத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு வளையம் பூக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். நாள் போகப் போக வளையம் கீழே இறங்கும். அடி மட்டும் ஈரமாக, வயிறு காய்ந்து வெளுத்துப்போன பானையைப் பார்த்தால் அதன் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிட்டுவிடலாம்.

சுத்தம் செய்வதிலும் வரிசை தப்பக் கூடாது. பானையைக் காலி செய்து இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். உள்ளே இருக்கும் உப்பும் வெளிப்பரப்புக்கு வந்துவிடும். காய்ந்த நிலையிலேயே, நனைக்காமல், தேங்காய் நாரால் அல்லது பழைய பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். முதலிலேயே தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் உப்பு கரைந்து மறுபடி துளைக்குள்தான் போகும். எல்லாரும் செய்யும் பிழை இது. அடுத்து, மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ ஒரு நாள் ஊறவைத்து, நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். சோற்றுப்பு வகையறா இதில் கரைந்து போய்விடும். அப்படியும் போகாத வெள்ளை, கெட்டிலின் அடியில் படிவதே போன்ற சுண்ணாம்பு. எலுமிச்சை அளவு புளியை ஒரு லிட்டரில் கரைத்து வெளிப்புறம் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பொடிப்பொடியாக நுரை வந்தால் சுண்ணாம்பு கரைகிறது. வினிகர் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். கழுவி, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்தால் பாதிக்கு மேல் திறமை திரும்பும். முழுக்கத் திரும்பாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று பானையில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது உப்பை அடர்த்தியாக்கிக் கொட்டும் தண்ணீர், குடிக்கவும் ஏற்றதல்ல. பானையைக் கொல்ல அதைவிடச் சுருக்கு வழி பெயிண்ட் ஒன்றுதான்.

எங்கே வைப்பது, எப்போது நிரப்புவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிழல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். அலமாரிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டிய மூலையில் வைத்தால் பானையைச் சுற்றி அதன் ஈரமே தேங்கி நிற்கும். 10 லிட்டர் குளிர நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகவே இரவு நிரப்புங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வெந்நீராக வருவதைப் பாதிப் பானையில் கொட்டிவிட்டு ஒரு மணிக்குக் குளிர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. காய்ச்சிய தண்ணீரை நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் விரிசல் விடும். வியர்வை குறைந்த பானைக்கு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, முனையைத் தட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டால் துணியே வியர்வையாகிவிடும். தினமும் அலசாவிட்டால் வழவழத்து நாறும்.

காய்கறிக்கும் இதே வித்தை பலிக்கும். நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த முகமது பா அப்பா பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியில் ஈர மணல் நிரப்பி, மேலே ஈரத் துணி போட்டு மூடும் முறையைத் தன் பகுதிக் கிராமங்களில் பரப்பினார். அதற்காக 2000-இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் தாங்கியதாகப் பதிவு. அது வறண்ட காற்று அடிக்கும் பூமி. திருச்சி, சேலம், வேலூர்ப் பக்கம் செய்து பார்க்கலாம். கடலோரத்தில் செய்தால் கீரை அழுகும்.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை. மண்பானைத் தண்ணீர் காரத்தன்மை உடையது, வயிற்று அமிலத்தை முறிக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சுட்ட களிமண்ணில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். இரண்டும் தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். வயிற்று அமிலத்தின் பி.எச். 2 வாக்கில் இருக்கும். ஒரு டம்ளர் பானைத் தண்ணீர் அதை என்ன செய்துவிடும்? பானை தண்ணீரைச் சுத்திகரிப்பதும் இல்லை. அழுக்குத் தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்த அழுக்குத் தண்ணீர் கிடைக்கும். அதிலும் கிருமி புகும் முக்கிய வழி டம்ளரைக் கையோடு முக்கி மொள்வது. நீளக் காம்புக் கரண்டி வையுங்கள், அல்லது குழாய் வையுங்கள். பழைய காலத்தில் கலங்கல் தண்ணீருக்குப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்தார்கள். அது மண்ணைத் திரளச்செய்து அடியில் தங்கவைக்கும். கிருமிகளையும் ஓரளவு சேர்த்து இறக்கும், ஆனால் முழுக்க நீக்கிவிடாது. காய்ச்சுவதற்கு அது மாற்று அல்ல.

பானைக்கு அடியில் இருக்கும் தட்டை யாரும் கவனிப்பதில்லை. டெங்குக் கொசு தேடும் இடமே அதுதான்: வீட்டுக்குள், நிழலில், அசையாத நல்ல தண்ணீர். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, ஈரம் பட்டதும் பொரியும். வாரம் ஒரு முறை தட்டை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பானையின் வாயை மூடியால் இறுக்கமாக மூடலாம். குளிர்ச்சி பெரும்பாலும் வெளிச்சுவரில் நடப்பதால் மூடி அதைக் குறைக்காது.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்துவிட்டவர்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீட்கலாமா என்று கேட்கக்கூடும். மேல்பூச்சு போகும், துளைக்குள் இறங்கியது போகாது. தீயில் காட்டி எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் கெடுதல், மிஞ்சுவதும் கெடுதல். அதில் இனித் தண்ணீர் ஊற்றாமல், உள்ளே பெயிண்ட் படாதிருந்தால், நன்றாகக் காயவைத்து அரிசியோ பயறோ போட்டு வைக்கலாம். தண்ணீருக்கு வேறு பானைதான் வாங்க வேண்டும். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த இரண்டாவது வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். கத்திரி இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காட்பாடி